முப்பத்திரண்டு

உலான்பாத்தரில் காலையில் ஓட முடியாது.
வடக்குச் சரிவில் கூடாரம்தோறும்
கரிக்கட்டியைத் தின்று
ஊர் இருமி முடிக்கப் பதினொன்றாகும்.
அதற்குப் பிறகுதான் வெயில் என்று ஒன்று வரும்,
விருந்தாளி மாதிரி,
வெறுங்கையை வீசிக்கொண்டு.

மைனஸ் இருபத்தேழு.
காலுறை இரண்டு. மேலே மூன்று.
மூக்குக்கு ஒட்டகக் கம்பளி.
கடிகாரத்தை அக்குளுக்குள் வைத்திருக்கிறேன்,
காய்ச்சல் பார்க்கிறவளைப் போல;
இந்தக் குளிரில் முதலில் சாவது அதுதான்.

போன குளிர்காலம் முழுக்க
நான் பார்த்தது செவெல்மாவின் முதுகை.
நாலு எட்டு முன்னால், எப்போதும் நாலே எட்டு.
நான் எட்டினால் அவள் எட்டு நீளும்.
இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்,
பனிக்கட்டியில் ஓடக் கூடாதாம்.
ஆகவே வெள்ளை ப்ரியஸில் வருகிறாள்.
ஜப்பானில் பழசாகி இங்கே புதுசான வண்டி:
ஸ்டீயரிங் வலப்பக்கம், சாலையிலும் வலப்பக்கம்,
அவள் வாய்க்கும் என் காதுக்கும் நடுவே
இறக்கிய கண்ணாடி ஓரங்குலம்.

"தோளை இறக்கு. உன்னை யாரும் தூக்கில் போடவில்லை."
"அந்த நாய் உன்னை முந்துகிறது, பார்."
பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.
அவள் வயிற்றைக் காட்டுகிறாள்.
எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, சுற்றிப் போகிறார்கள்.

பதினாலில் ஆற்றுக்குள் இறங்கினேன்.
தூல் ஆறு இந்த மாதத்தில் ஆறில்லை, தரை.
வண்டி வராது. வசவு வராது.
அடியில் எங்கோ பனிக்கட்டி முறுக்கிக்கொள்ளும் சத்தம்,
பெரிய கதவொன்றை
யாரோ திறக்காமலே மூடுவது போல.
இமை மயிர் உறைந்து ஒட்டி ஒட்டிப் பிரிகிறது.
ஒரு குழந்தையின் கையுறை கிடந்தது, ஐந்து விரலும் விறைத்து.
மீனுக்கு வெட்டிய துளை, மறுபடி தோல் மூடியது.
மூச்சை எண்ணினேன். எண்ணூறில் விட்டுவிட்டேன்.
தனியாக ஓடுகிறபோது பெரிய எண்ணங்கள் வருமென்பார்கள்.
எனக்கு வந்தது
நேற்றும் பூண்டு வாங்க மறந்தது.

இருபத்தாறில் பாலத்தடியில் கரையேறினால்
வண்டி செத்திருந்தது.
உள்ளே ஃப்ளாஸ்க்கைக் கட்டிப்பிடித்தபடி செவெல்மா,
உதடு வேறு நிறம்.
என் போன் ஒன்பதாவது கிலோமீட்டரில் அணைந்தது,
அவளுடையது வீட்டில், சார்ஜில்.
கைகாட்டினால் எந்த வண்டியும் டாக்ஸியாகிற ஊர் இது;
இரண்டு போயின, நிற்கவில்லை.
கல்த்பயாரின் டயர் கடை மூன்று கிலோமீட்டர்.
மேல்கோட்டைக் கழற்றி அவள் காலில் சுற்றினேன்.
"ஓடு" என்றாள்.
அவள் கிண்டலில்லாமல் சொல்லி நான் கேட்ட முதல் சொல்.

ஓடினேன்.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
ஓட்டத்துக்கு ஒரு காரணம்.
காரணம் வந்தால் கால் பறக்கும் என்று நினைத்திருந்தேன்.
அதே கால். இடது முட்டியில் அதே முள்.
மின்நிலையப் புகைபோக்கி நகரவே இல்லை,
நானும் ஓடவே இல்லை என்பது போல.
திருப்பத்தில் வழுக்கி விழுந்தேன், எழுந்தேன்,
வலித்ததா என்று பார்க்கவில்லை.
வித்தியாசம் அது ஒன்றுதான்.

கல்த்பயார் ஒரு கேள்வி கேட்கவில்லை.
கேபிளை எடுத்தார், லாரியை எடுத்தார்,
என்னை டயர்களுக்கு நடுவே ஏற்றினார்.
ஏறுமுன் கடிகாரத்தை நிறுத்தினேன். பழக்கம்.

சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு.
ஒரு தும்மல்கூடப் போடாமல் ப்ரியஸ் விழித்தது.
ஹீட்டரில் நாலு கைகளை நீட்டி
உப்புத் தேநீரை மாற்றி மாற்றிக் குடித்தோம்.
குழந்தை உதைக்கிறதாம்.
"பாசமாக இல்லை, கோபமாக" என்றாள்.

பிறகு என் அக்குளுக்குள் கைவிட்டுக்
கடிகாரத்தை இழுத்துப் பார்த்தாள்.
"இருபத்தொன்பது."
"ஆமாம்."
"இன்னும் மூன்று இருக்கிறது. இறங்கு."

கதவைச் சாத்தியது அவள்தான்.
இந்த முறை பக்கத்தில் வரவில்லை,
முன்னால் போனாள்.
இரண்டு சிவப்பு விளக்கு, நடுவில் வெண்புகை,
நாலு எட்டுத் தூரம்.
நான் எட்டினால்
கழுதை, வேகம் கூட்டுகிறாள்.